போய்வந்த விநோதங்களும் போய்விட்ட விநோதங்களும்

திருவிதாங்கூர்ச் சரித்திரம் படித்தவர்களுக்குக் கழக்கூட்டம் என்ற பெயரைக் கேட்டவுடன் ஞாபகத்துக்கு வருவது, இல்லாமற்போன ஒரு வீடு. வேணாட்டின் அதிகாரத்தைத் தம் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு அரசர்களையே அஞ்சச் செய்த எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்ம மகாராஜா அவர்களை அடக்கியொடுக்கியபோது, அவர்கள் வாழ்ந்த வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கி, அவை நின்ற இடங்களில் குளம் வெட்டச் செய்தார் என்பது இந்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கல்லும் மரமும் போய், அஸ்திவாரமும் தண்ணீருக்குள் மறைந்த பிறகும், அந்த வீடுகளைப் பற்றிய பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்று, 1891-இல் சி. வி. ராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்ட வர்மா' என்னும் நாவலிலும் புகுந்து, இன்றுவரை உயிரோடிருக்கிறது.

அந்தக் கழக்கூட்டம் இப்பொழுது திருவனந்தபுரம் நகரத்தின் வடக்கு வாயிலாக விளங்குகிறது. 1990-இல் கேரள அரசாங்கம் இங்கே டெக்னோபார்க்கை நிறுவியதிலிருந்து, தென்னந்தோப்புகளுக்கு நடுவே கண்ணாடி மாளிகைகள் எழும்பி, அவற்றில் உத்தியோகம் பார்க்க நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் தமிழ் இளைஞர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து தட்டுக்கடைகளின் முன் கூடும் இவர்களுள் ஒரு சாரார் பேசிக்கொள்ளும் விஷயம் என் கவனத்தைப் பெரிதும் கவர்ந்தது. தாங்கள் சிறு பிராயத்தில் கண்டு களித்து, இப்பொழுது மறைந்துபோன கேளிக்கைப் பூங்காக்களையும், அவற்றில் இருந்த ராட்டினங்களையும் வேடிக்கைகளையும் பற்றியே அவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். "லே மக்கா, அஞ்சாங் கிளாஸ்ல டூர் போனப்ப ஏறினோமே, அந்த ராட்டினத்தக் கழட்டிட்டாங்களாம்லே" என்று ஒருவர் தொடங்கினால், அது நுழைவாயிலுக்கு வலப்புறம் இருந்ததா இடப்புறம் இருந்ததா, அதன் இருக்கைகளுக்குப் பூசியிருந்த வர்ணம் எது, அதில் ஏறுவதற்கு எவ்வளவு உயரம் வேண்டியிருந்தது என்றெல்லாம் விவாதம் வளர்ந்து, கடைசியில் இனிமேல் எங்கே போவது, எப்பொழுது போவது என்ற யோசனையில் போய் முடியும். கல்வெட்டைப் படிப்பவர் எழுத்துக்கு எழுத்துச் சரிபார்ப்பது போன்ற சிரத்தையோடு அவர்கள் இதைச் செய்வதைப் பார்த்தபோது, இவர்களைச் சரித்திரக்காரர்கள் என்றே மதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனெனில், கோவிலுக்குக் கல்வெட்டு உண்டு, அரசாங்கத்துக்குத் தஸ்தாவேஜு உண்டு. ராட்டினத்துக்கு அதில் ஏறியவர்களின் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் அநேகமாகக் கிடையாது.

இவர்களுடைய பாட்டன்மார் இப்படி ஒரு ராட்டினத்துக்காக ஏங்கியதில்லை. அவர்களுக்கும் வேடிக்கைகள் இருந்தன. ஆனால் அவை வந்து போகும் வேடிக்கைகள். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம், கோட்டாற்றில் சவேரியார் திருநாள், வேளிக் கடற்கரையை அடுத்த வெட்டுக்காட்டில் கிறிஸ்து ராஜா திருநாள், பீமாபள்ளியில் உரூஸ் என்று சமயத்துக்குச் சமயம் பெயர் மாறினாலும், அந்நாட்களில் கோவில் வாசலிலும் பள்ளி வாசலிலும் கூடிய கடைத்தெருவின் தோற்றம் ஒன்றேதான். கையால் சுற்றும் குடை ராட்டினமும், வயிற்றைக் கலக்கும் ராட்சத ராட்டினமும், பலகையால் கட்டிய மரணக் கிணற்றின் சுவரில் மோட்டார் சைக்கிளைச் சுழல விடும் வீரனும், மேஜைமேல் தலை மட்டும் வைத்தாற்போல் இருந்துகொண்டு கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் பெண்ணும், ஒருவரைப் பத்துப் பேராகக் காட்டும் கண்ணாடி அறையும், பஞ்சுமிட்டாயும், தட்டையே மூடி நிற்கும் டெல்லி அப்பளமும் ஒரு வாரமோ பத்து நாளோ அங்கே வாழ்ந்துவிட்டு, ஒருநாள் விடியற்காலையில் வண்டியேறிப் போய்விடும். மறுநாள் அந்தத் திடலில் குழி மூடிய அடையாளங்களைத் தவிர ஒன்றும் இராது. அதைக் கண்டு எந்தக் குழந்தையும் துக்கப்பட்டதில்லை. பஞ்சாங்கம் இருக்கிறது, அடுத்த வருஷம் அதே திதியில் அதே ராட்டினம் வரும் என்ற நிச்சயம் அதற்கு இருந்தது. போவதும் வருவதும் அந்த வேடிக்கையின் சுபாவம்.

இந்தச் சுபாவம் மிகப் பழையது. நற்றிணையில் கோட்டம்பலவனார் பாடிய ஒரு செய்யுள் இதைக் காட்டுகிறது: ஆடுமகள் முறுக்கேறிய கயிற்றின்மேல் நடந்து தன் கூத்தை ஆடுகிறாள், அவள் நடந்த அந்தக் கயிற்றில் சிவந்த முகமுடைய மந்தியின் குட்டி தொங்கி ஆடுகிறது, அதைக் கண்ட குறச் சிறுவர்கள், மூங்கில் அடர்ந்த பாறைமேல் ஏறித் துள்ளியெழுந்து தாளம் போடுகிறார்கள். ஆடியவள் இல்லாதபோதும், அவள் விட்ட கயிறும் கேட்ட தாளமும் சிறுவர்களின் விளையாட்டாக மாறிவிடுகின்றன. கழைக்கூத்தின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாகவும் அழகாகவும் எவரும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம்.

வந்து போகும் வேடிக்கைக்குப் பெரிய ஆபத்து நேர்ந்தபோதுகூட அது திரும்பி வந்தது. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கில், வருஷக் கடைசியில் பார்க் ஃபேர் என்ற பெரிய சந்தை நடப்பது வழக்கம். 1886 டிசம்பர் 31-ஆம் தேதி, சந்தையின் கடைசி நாளன்று, ஓலையும் துணியும் கொண்டு அமைத்த கொட்டகைகளில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அத்தகைய கோரத்துக்குப் பிறகு அந்தச் சந்தை அடியோடு நின்றுபோயிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பின்வந்த காலத்திலும் அது நடந்தது. அடுத்த நூற்றாண்டிலும் சென்னைக்காரர்கள் அதற்காகக் குழந்தைகளுக்குப் புதுச்சட்டை தைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் தீவுத்திடலில் அரசாங்கம் நடத்தும் பொருட்காட்சியும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

போய்வரும் வேடிக்கைகளுள் தலைமையான ஸ்தானம் சர்க்கஸுக்கு உரியது. இந்தியாவில் அது வளர்ந்த தொட்டில் கேரளமாக இருப்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மராட்டியரான விஷ்ணுபந்த் சத்ரே, இந்தியர்களைக் கொண்டே நடக்கும் முதல் சர்க்கஸ் கம்பெனியை 1880-இல் ஏற்படுத்தி ஊர் ஊராகச் சுற்றி வரும்போது, வடகேரளத்தின் தலச்சேரிக்கும் வந்தார். அவ்வூரில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசிரியர் இருந்தார். களரி வித்தையும் தேகாப்பியாசமும் கற்பித்து வந்த அவர், சத்ரேயோடு ஏற்படுத்திக்கொண்ட நட்பின் பயனாக, சர்க்கஸுக்கு வேண்டிய ஆட்களைப் பழக்கித் தரும் காரியத்தைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டு, 1901-இல் தலச்சேரிக்கு அடுத்த சிறக்கரையில் அதற்கென்றே ஒரு பயிற்சிக்கூடத்தையும் தொடங்கினார். அவரிடம் பயின்ற பரியாளி கண்ணன் 1904-இல் மலபார் கிராண்டு சர்க்கஸை நிறுவினார். அதன் பிறகு, இந்தியாவில் எந்த மூலையில் கூடாரம் எழும்பினாலும், உச்சியில் தொங்கும் பாரில் தலைகீழாகப் பறப்பவர் தலச்சேரிக்காரராகத்தான் இருப்பார் என்று சொல்லும்படியாயிற்று. எம். வி. சங்கரன் என்ற தலச்சேரிக்காரர் 1951 ஆகஸ்ட் 15-ஆம் தேதி குஜராத்திலுள்ள பிலிமோராவில் தொடங்கிய ஜெமினி சர்க்கஸ்தான், பிற்பாடு ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்' படத்தின் களமாயிற்று. நம் தமிழ்ப் படவுலகிலும் 1966-இல் வந்த 'பறக்கும் பாவை'யின் கதை முழுவதும் சர்க்கஸ் கூடாரத்தைச் சுற்றியே நிகழ்வதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சர்க்கஸ் ஊருக்குள் வருவதே ஒரு காட்சி. ஸ்டேஷனிலிருந்து திடல் வரை யானைகள் வரிசையாக நடந்து வரும். இரவில் வானத்தைத் துழாவும் விளக்கின் கதிரைப் பத்து மைல் தூரத்துக் கிராமத்தார் கண்டு, "கூடாரம் போட்டாச்சு" என்று தெரிந்துகொள்வார்கள். சிங்கமும் புலியும் இல்லாத சர்க்கஸை அக்காலத்தில் யாரும் சர்க்கஸ் என்று ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள். ஆனால் 1998-இல் மத்திய அரசாங்கம், கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய மிருகங்களைக் காட்சிக்குப் பழக்கக் கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டது. சர்க்கஸ் முதலாளிகள் தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் அந்த அறிவிப்பை உறுதி செய்து, மிருகங்கள் பட்ட துன்பத்தை மனமுருகும் வண்ணம் எடுத்துரைத்தது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2011-இல் குழந்தைகளைச் சர்க்கஸில் சேர்ப்பதும் தடுக்கப்பட்டது. இரண்டும் நியாயமான தீர்ப்புகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூண்டுக்குள் வளையவந்த அந்தப் புலியின் கண்களை நினைத்தால் இவ்வளவு காலம் பொறுத்ததே பாவம் என்று தோன்றும். ஆயினும் அந்தக் கூடாரத்தின் வாசனை இனி எந்தக் குழந்தைக்கும் கிடைக்காது என்பதும் மெய். போய்வந்த வேடிக்கை போய்விட்ட வேடிக்கையாக மாறியதற்கு நம் தலைமுறை கண்ட முதற்சாட்சி இதுவே.

ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் கேளிக்கை ஸ்தலம் என்பது இந்நாட்டில் அரசர்களின் தோட்டத்தில் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்தில் 1857-இல் பொருட்காட்சிசாலையும், 1859-இல் மிருகக்காட்சிசாலையும் ஜனங்களுக்குத் திறக்கப்பட்டன. சிசோம் துரை வகுத்த அழகிய நேப்பியர் மியூசியம் கட்டிடம் 1880-இல் எழுந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரிப் பகுதியாருக்கு இது சொந்த ராஜதானியின் தோட்டம். ஆகையால் நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் இன்றும் குழந்தைகளை முதலில் அழைத்து வருவது இங்கேதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நின்று, பாட்டனும் பேரனும் ஒரே மரத்தடியில் கட்டுச்சோறு பிரிக்க இடங்கொடுக்கும் பாக்கியம் வேறெந்தப் பூங்காவுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

கடல்கடந்த தமிழர்களுக்கும் இவ்வகை அனுபவம் உண்டு. சிங்கப்பூரில் 1923-இல் ஜாலான் பெசார் அருகில் திறக்கப்பட்ட நியூ வேர்ல்டு என்ற கேளிக்கை நகரம், சிராங்கூன் சாலையில் வாழ்ந்த நம்மவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அதைப் பின்பற்றிக் கிரேட் வேர்ல்டும் ஹாப்பி வேர்ல்டும் தோன்றின. நாடகமும் குத்துச்சண்டையும் நடனமும் ராட்டினமும் ஒரே மதிலுக்குள் அடங்கிய அந்த மூன்று உலகங்களும் இன்று இல்லை. நியூ வேர்ல்டு இருந்த இடத்தில் வணிக மாளிகை எழும்பியபோது அதன் பழைய நுழைவாயிலை மட்டும் பத்திரமாக நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு செய்ய அவர்களுக்குத் தோன்றியதே பெரிது.

யந்திர ராட்டினங்களோடு கூடிய நவீனப் பூங்கா இந்தியாவில் பிரபலமானது 1980-களில். டெல்லியில் பிரகதி மைதானத்தில் 1984 நவம்பரில் திறக்கப்பட்ட அப்பு கர் என்ற பூங்காவின் பெயர் கேரளத்தோடு சம்பந்தப்பட்டது. 1982-ஆம் வருஷத்து ஆசிய விளையாட்டுகளுக்குச் சின்னமாக அமைந்த அப்பு என்னும் யானைக்குட்டிக்கு மாதிரியாக இருந்தவன் குருவாயூர்த் தேவஸ்தானத்தின் குட்டிநாராயணன். அந்த யானை 2005-இல் இறந்தது. அதன் பெயரால் விளங்கிய பூங்கா 2008 பிப்ரவரியில் மூடப்பட்டு, அதன் நிலம் உச்ச நீதிமன்றத்தின் விஸ்தரிப்புக்குப் போயிற்று. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கழக்கூட்டத்திலும் இருக்கிறார்கள். அப்பு கர் என்ற பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதத்தில், பிறந்து வளர்ந்த வீட்டை விற்றுவிட்டவர்களின் குரல் கேட்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பேச்சுக்கு உயிராக நிற்பவை இரண்டு இடங்கள். ஒன்று, வி. ஜி. பன்னீர்தாஸ் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் ஏற்படுத்திய கோல்டன் பீச்; அங்கே ராஜபார்ட் உடையணிந்து அசையாமல் சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்கக் கோமாளித்தனம் பண்ணாத குழந்தை தமிழ்நாட்டில் உண்டா? ஒரு யந்திரமும் இல்லாமல், மனிதன் ஒருவனின் பொறுமையையே காட்சியாக்கிய அந்த யுக்தி, எவ்வளவோ ராட்டினங்கள் மறந்துபோன பின்னும் ஜனங்களின் மனத்தில் நிற்கிறது.

மற்றொன்று கிஷ்கிந்தா. இதன் கதை கேரளத்துச் சினிமாவில் தொடங்குகிறது. ஆலப்புழைக்காரரான நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை 1984-இல் தயாரித்தார், இயக்கியவர் அவருடைய புதல்வர் ஜிஜோ, இசை இளையராஜா. கண்ணாடி அணிந்துகொண்டு கொட்டகையில் உட்கார்ந்த குழந்தைகள், திரையிலிருந்து நீண்டு வரும் பண்டத்தைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள். அந்தப் படத்தில் பாட்டு ஒன்றில், குழந்தைகள் அறையின் தரையிலிருந்து சுவரில் ஏறி, சுவரிலிருந்து கூரையில் நடந்து, மறுபடி தரைக்கு இறங்கி வருவார்கள். கம்ப்யூட்டர் தந்திரம் ஒன்றும் இல்லாத அக்காலத்தில், அறை முழுவதையும் இரும்புச் சட்டத்தில் பூட்டி, காமிராவையும் அதனோடு பிணைத்து, அறையையே சுழற்றி அதை எடுத்தார்கள். இந்த மாயத்தைத் திரையில் காட்டியவருக்கு, ஜனங்களை அதற்குள்ளேயே நடக்கவைக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது இயல்பே. 1995-இல் தாம்பரத்துக்கு அருகில் ராமாயண வானரர்களின் ராஜ்யத்தின் பெயரால் அவர் கிஷ்கிந்தாவை அமைத்தார். அக்காலத்துச் சென்னைவாசிகளுக்கும், மூன்று நாள் சுற்றுலாப் பேருந்தில் ஏறி வந்த வெளியூர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கும், கடல் இல்லாத இடத்தில் அலையடிக்கும் குளம் ஒன்று இருப்பதே நம்ப முடியாத அதிசயமாக இருந்தது. அப்பச்சன் 2012-இல் காலமானார். 1995-இன் கிஷ்கிந்தா, அன்று அங்கே நனைந்தவர்களின் பேச்சில்தான் முழுமையாக இருக்கிறது.

கேரளத்தில் 1998-இல் மலம்புழை அணையடியில் ஃபாண்டசி பார்க்கும், 2000-இல் கொச்சிக்கு அருகே கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி நிறுவிய வீகாலாண்டும் தோன்றின. வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்றுப் பொருளீட்டியவர் ராட்டினத் தொழிலுக்கு வந்து, தமக்கு வேண்டிய யந்திரங்களுள் பலவற்றைத் தம் பட்டறையிலேயே செய்துகொண்டதுதான் அவருடைய பூங்கா நிலைத்ததற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீகாலாண்டு என்ற பெயரும் பிற்பாடு வொண்டர்லா என்று மாறிப்போயிற்று. ஆனாலும் அந்த வயதில் பார்த்தவர்களின் வாயில் பழைய பெயரே வருகிறது. பெயர்கூட இழந்துவிடக்கூடிய பொருள்தானே!

இவை ஏன் நிலைப்பதில்லை? நிலத்தின் விலையை முதலில் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே புஞ்சைக் காட்டில் தொடங்கும் பூங்காவைத் தேடி ஜனங்கள் வருகிறார்கள். ஜனங்களைத் தேடிச் சாலை வருகிறது. சாலையைத் தேடி வீடுகள் வருகின்றன. இருபது வருஷத்தில், ராட்டினம் ஈட்டும் பணத்தைவிட அது நிற்கும் மண்ணின் விலை பன்மடங்காகிவிடுகிறது. யந்திரத்துக்கோ மூப்பு உண்டு. உப்புக் காற்றும் மழையும் இரும்பைத் தின்கின்றன. ஒரு விபத்து நேர்ந்தால் அந்த ராட்டினத்தைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றுவதே தர்மமும் ஆகும். புதுமையை விற்கும் தொழிலுக்குப் பழமையே சத்துரு என்பது இவை எல்லாவற்றிலும் கொடியது. திருவிழா ராட்டினத்துக்கு இந்தக் கவலை இல்லை. அது பத்து நாளில் போய்விடுவதால், வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் அதை ஜனங்கள் மறந்திருந்து, மறுபடி புதிதாகப் பார்த்தார்கள். நிலையான பூங்காதான் முதன்முதலில், "எப்பொழுது வேண்டுமானாலும் வா, நான் இங்கேயே இருப்பேன்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்குப் பொய்த்தபோது உண்டான துக்கமே தட்டுக்கடை வாசலில் நான் கேட்டது. வீட்டில் ஒருவரை இழந்ததுபோல அவர்கள் பேசுவதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாய் தந்தையோடு கழித்த ஒரு முழு நாளின் இருப்பிடம் அல்லவா அது!

இதற்கு நேர் எதிரான ஒரு முயற்சி கழக்கூட்டத்திலேயே நடந்தது என்பதுதான் இவ்வூரை நான் விரும்புவதற்குக் காரணம். எப்பொழுதும் அலைந்து திரிந்தே பிழைத்த ஒரு கலைக்கு இங்கே நிலையான வீடு கொடுக்கப்பட்டது. செப்பிடு வித்தை நம் நாட்டில் தெருவின் சொத்து. விதையை மண்ணில் ஊன்றி, துணியை மூடித் திறந்து, மாஞ்செடி காட்டும் வித்தைக்காரனுக்கு மேடையும் இல்லை, கூரையும் இல்லை. சுற்றி நிற்கும் ஜனங்களே அவனுக்குச் சுவர். கேரளத்தில் இக்கலையைத் தெருவிலிருந்து சபைக்கு உயர்த்தியவர் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி. மூன்று செப்புகளையும் சில பந்துகளையும் வைத்துக்கொண்டு, சட்டையில்லாத கையால், கண்ணெதிரே உட்கார்ந்தவரை ஏமாற்றும் அபார சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. 1983-இல் அவர் மறைந்தார். நிலம்பூர்ப் பக்கத்தில் ஆர். கே. மலையத்து போன்ற ஆசிரியர்கள் அவ்வித்தையை வளர்த்தார்கள். மலையத்திடம் பயின்ற கோபிநாத் முதுகாடு 1996-இல் திருவனந்தபுரத்தில் மாஜிக் அகாடமியைத் தொடங்கி, 2014-இல் கழக்கூட்டத்தின் கின்ஃப்ரா சினிமாப் பூங்கா வளாகத்தில் மாஜிக் பிளானெட்டைத் திறந்தார். இந்திர ஜாலத்தையே பொருளாகக் கொண்ட பூங்கா அது. தெருவில் வித்தை காட்டி வயிறு வளர்த்தவர்களையும், கூடாரம் கலைந்த பின் ஜீவனத்துக்கு வழியற்றுப்போன சர்க்கஸ் கலைஞர்களையும் அழைத்து வந்து, அவர்கள் ஒரே இடத்திலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு தொழில் நடத்தும்படி செய்தது அதன் விசேஷம். தலச்சேரியில் தொடங்கி ஆசேது ஹிமாசலம் சுற்றிய கூடாரத்தின் மனிதர்கள் சிலர், கேரளத்தின் தெற்குக் கோடியில் வந்து உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

2019-இல் இன்னொரு காரியமும் நடந்தது. மனவளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கும் பிற ஊனமுள்ள குழந்தைகளுக்கும் மாஜிக்கும் இசையும் ஓவியமும் கற்பித்து, அவர்களே மேடையேறிக் காட்டும்படி டிஃபரென்ட் ஆர்ட் சென்டர் என்ற கலைக்கூடம் அதே வளாகத்தில் ஏற்பட்டது. அதன்பின் முதுகாடு, கட்டணம் வாங்கி நடத்தும் தம் மேடை மாயவித்தைகளை 2021-இல் நிறுத்திக்கொண்டு இந்தக் குழந்தைகளோடு இருந்துவிட்டார். குடும்பத்தோடு சாதாரண வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஒரு சிறுமி வெறுங்கையில் பூ வருவித்துக் காட்டும்போது, அவளுடைய தாய் ஓரத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பதையும் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட காட்சியை எந்த ரோலர் கோஸ்டராலும் கொடுக்க முடியாது. இரும்பு யந்திரம் துருப்பிடித்தால் கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. கைவித்தையோ ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குப் போகும். வாழக்குன்னத்தின் செப்பும் பந்தும் இன்னும் கேரளத்தில் உருண்டுகொண்டிருப்பது அதனால்தான். நம் பூங்காக்களை அமைப்பவர்கள் யந்திரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது மனிதர்களுக்குச் செலவிட்டால், முப்பது வருஷம் கழித்தும் போய்ப் பார்க்க ஏதேனும் மிஞ்சியிருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

டெக்னோபார்க் இளைஞர்கள் மாஜிக் பிளானெட்டைப் பார்த்து முடித்தவர்கள். வேளியில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த சிற்பங்களுக்கிடையே 2020-இலிருந்து ஓடும் சூரிய சக்திச் சிறு ரயிலிலும் குழந்தைகளோடு ஏறியிருக்கிறார்கள். இப்பொழுது அவர்களுடைய யோசனையெல்லாம் சென்னையைச் சுற்றியே இருக்கிறது. வொண்டர்லா நிறுவனம் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் புதிய பூங்காவைத் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்த பத்து விழுக்காட்டுக் கேளிக்கை வரி நீங்கும் வரையில், நிலம் வாங்கிப் போட்டும் பல வருஷம் அது காத்திருந்தது. தலைக்குமேல் தண்டவாளம் ஓட, கால்கள் அந்தரத்தில் தொங்க, மனிதர்களைச் சுழற்றிச் செல்லும் பெரிய கோஸ்டர் ஒன்று அங்கே நிறுவப்பட்டு, தஞ்சோரா என்று சோழநாட்டை நினைவூட்டும் பெயரும் இடப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை தாம்பரத்தில் இறங்கலாம், அங்கிருந்து வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த வாரமாக இருந்தால் நல்லது என்று கணக்குப் போடுகிறார்கள். உயரம் போதாது என்று சின்னவனை ஏற்றமாட்டார்களே என்பது ஒருவருடைய கவலை. மற்றவருக்கு வேறு யோசனை: தாம்பரத்தில் இறங்கின கையோடு நேரே இள்ளலூருக்குப் போக வேண்டாம், கிஷ்கிந்தா பக்கம் போய் ஒரு தடவை வாசலையாவது பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போவோம் என்கிறார். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், வண்டிக்காரர் கூடுதலாக என்ன கேட்பார் என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.